காளையைப் பற்றி நாலு நல்ல வார்த்தை

கல்வி அலுவலகத்தில் முப்பத்தைந்து வருஷம் குப்பை கொட்டி, கண்காணிப்பாளராக ஓய்வு பெற்று, நாகமலை புதுக்கோட்டையில் வீடு கட்டிக் குடிவந்தவர் தனிஸ்லாஸ். வயது அறுபத்தேழு. இந்த வயதில் மற்றவர்கள் பக்கத்திலிருக்கும் பல்கலைக்கழகத்துக்குள் நடைப்பயிற்சி போவார்கள், இல்லை சுகர் மாத்திரைகளை ஒப்பிட்டுப் பேசுவார்கள். தனிஸ்லாஸுக்குச் செத்தவர்களைப் பற்றி எழுதுவது வேலையாக வாய்த்தது.

அவர் சின்ன வயதில் தங்கிப் படித்தது மதுரைக்கு மேற்கே இருக்கும் ஒரு மிஷன் போர்டிங் பள்ளி. அதன் பழைய மாணவர் சங்கம் வருஷா வருஷம் நவம்பர் இரண்டாம் சனிக்கிழமை, பள்ளியின் பழைய சாப்பாட்டு ஹாலில் கூடும். அந்த வருஷம் இறந்துபோன பழைய மாணவர்களின் பெயரை வாசிப்பார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு பக்க வாழ்க்கைக் குறிப்பு. பிறகு மெழுகுவத்தி, ஒரு செபம், மட்டன் பிரியாணி. செபத்துக்குக் கிறிஸ்தவர்கள் வந்தார்கள், பிரியாணிக்கு எல்லோரும் வந்தார்கள். குறிப்பு எழுதுவது மட்டும் பதினோரு வருஷமாகத் தனிஸ்லாஸின் தலையில் விழுந்து கிடந்தது.

ஃபைலில் நோட் போட்டுப் பழகிய கை அது. ஒரு கடிதம் சரியாக அமைந்துவிட்டால் பெயரையும் தேதியையும் மாற்றி ஆயுசுக்கும் அனுப்பலாம் என்பது அலுவலகத்தில் அவர் கண்ட உண்மை. அதையே இங்கேயும் செய்தார். 'அன்னார் சாந்த குணமும் ஈகை மனமும் கொண்டவர். வார்டன் சொல்லைத் தட்டாதவர். பிறர் பொருளுக்கு ஆசைப்படாதவர். படிப்பிலும் விளையாட்டிலும் ஒருங்கே சிறந்து விளங்கியவர்.' இன்ஸ்பெக்டராக இருந்து செத்தவனும் இப்படித்தான், சினிமாக் கொட்டகையில் டிக்கெட் கிழித்துச் செத்தவனும் இப்படித்தான். ஒரு வருஷம் வாசிக்கும்போது இரண்டு பேருடைய தாள் இடம் மாறிப்போனது. யாரும் கண்டுபிடிக்கவில்லை. இரண்டு குடும்பமும் சரியான இடத்தில் அழுதன.

ஒரே ஒரு ஆள் மட்டும் குறை சொன்னார். மலைச்சாமி. அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு நாள் காலையில் வீடு தேடி வந்து, தன்னைப் பற்றித் தானே எழுதிய நாலு பக்கக் குறிப்பைத் தனிஸ்லாஸிடம் கொடுத்தார். செத்த தேதிக்கு மட்டும் இடம் விட்டிருந்தார். எட்டாம் வகுப்பிலேயே மலைச்சாமி ஆங்கிலம் சரளமாகப் பேசினார் என்று அதில் ஒரு வரி இருந்தது. இது உண்மையா என்று தனிஸ்லாஸ் கேட்டார். செத்தவனிடம் வந்து பேசிக் காட்டச் சொல்லி யாரும் கேட்கப் போவதில்லை என்று சொல்லிவிட்டு, காப்பியைக் குடித்துவிட்டு மலைச்சாமி போய்விட்டார்.

இப்படி ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த காரியத்தில், போன அக்டோபரில் சோழவந்தானிலிருந்து ஒரு போன் வந்தது.

பேசியது தாமரைச்செல்வி என்ற பெண். வாடிப்பட்டிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். அவளுடைய அப்பா காளை செப்டம்பரில் மாரடைப்பில் இறந்துவிட்டார். வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்தவர். போர்டிங்கில் தனிஸ்லாஸோடு ஒன்றாகப் படித்தவர். நவம்பர் கூட்டத்தில் அப்பாவின் பெயரையும் வாசிக்க வேண்டும், அம்மாவைக் கூட்டிக்கொண்டு தானும் வருவதாகச் சொன்னாள். தனிஸ்லாஸ் முறைப்படி வருத்தம் தெரிவித்தார். அதோடு அவள் போனை வைத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அப்பா அங்க செஞ்சதெல்லாம் சொல்லிருக்காரு சார். அவருதான ஹாஸ்டலுக்குத் தலைவரு? ஃபுட்பால் டீமுக்குக் கேப்டன்? அதெல்லாம் மறக்காம எழுதுங்க. அப்பறம், முட்டை திருடுன பய ஒருத்தனக் கையும் களவுமாப் புடிச்சு வார்டன்கிட்ட ஒப்படைச்சாராமே, அதையும்."

தனிஸ்லாஸ் போனைக் காதிலிருந்து எடுத்து ஒரு தடவை பார்த்துக்கொண்டார். எழுதிவிடுவோம் அம்மா என்று மட்டும் சொன்னார்.

காளை போர்டிங்கில் எதற்கும் தலைவனாக இருந்ததில்லை. பந்தை உதைத்ததும் இல்லை. ஒரு தடவை பந்தையே எடுத்துக்கொண்டு ஊருக்குப் போயிருக்கிறான். முட்டை விஷயத்தில் அவன் திருடனைப் பிடித்திருக்க வேண்டுமென்றால், தன் கையைத் தானே பிடித்திருக்க வேண்டும்.

தனிஸ்லாஸுக்குச் சொந்தத்திலும் ஒரு வழக்கு இருந்தது. எட்டாம் வகுப்பில், தவக்காலம் தொடங்குவதற்கு முந்தின ஞாயிறு, அவருடைய அம்மா ஒரு தகர டப்பா நிறைய அதிரசம் சுட்டுக்கொண்டு வந்து கொடுத்தாள். இருபத்து நாலு. ஆண்டவருக்காக ஈஸ்டர் வரைக்கும் அதில் ஒன்றைக்கூடத் தொடுவதில்லை என்று பதின்மூன்று வயதுத் தனிஸ்லாஸ் விரதம் எடுத்துக்கொண்டான். தினமும் மாலையில் டிரங்குப் பெட்டியைத் திறந்து, டப்பாவைக் கையில் தூக்கிக் கனம் பார்த்துவிட்டு, சிலுவை போட்டுக்கொண்டு திரும்ப வைப்பான். நாற்பது நாளும் கனம் குறையவில்லை. ஈஸ்டர் அன்று காலைப் பூசை முடிந்ததும் ஓடிவந்து திறந்தான். உள்ளே இருந்தது உடைந்த செங்கல். ஒவ்வொரு துண்டையும் செய்தித்தாளில் அழகாகச் சுற்றி அடுக்கி வைத்திருந்தது. மேலே ஒரு நோட்டுத் தாள். 'அதிரசம் நல்லா இருந்துச்சு. அம்மாவக் கேட்டதாச் சொல்லு.' கீழே கையெழுத்து வேறு. காளை.

அன்றிலிருந்து தனிஸ்லாஸ் அதிரசம் தின்பதில்லை. ஐம்பத்து நாலு வருஷம் ஆகிறது.

மனைவி ஜோசபினிடம் யோசனை கேட்டார். அவள் கறிவேப்பிலை உருவிக்கொண்டிருந்தாள். செத்துப்போன மனுஷனைப் பற்றி நாலு நல்ல வார்த்தை எழுதினால் நாக்கா அழுகிவிடும் என்று கேட்டாள். ஒரு நல்லதாவது இருந்தால்தானே எழுதுவதற்கு என்றார் இவர். உங்களைப் பற்றி எழுத ஒருவன் உட்கார்ந்தால் அவனுக்கு மட்டும் என்ன கிடைக்கும், லீவு எடுக்காமல் ஆபீஸ் போனார் என்று எழுதுவான், அடுத்த வரிக்குப் பேனாவைக் கடிப்பான் என்றாள் ஜோசபின். தனிஸ்லாஸ் எழுந்தார். சட்டையை மாட்டிக்கொண்டு ஆரப்பாளையத்துக்குப் பஸ் ஏறினார்.

ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ச் சந்தில் பெனடிக்ட் ஒரு லாட்ஜ் நடத்திக்கொண்டிருந்தார். அவரும் அதே போர்டிங், அதே வகுப்பு. போனபோது மலைச்சாமியும் அங்கே உட்கார்ந்து வடை தின்றுகொண்டிருந்தார். காளை செத்துப்போனான் என்றதும் இரண்டு பேரும் தின்பதை நிறுத்தினார்கள். ஐயோ பாவம் என்று உச்சுக் கொட்டினார்கள். அவன் செய்த நல்ல காரியம் ஏதாவது ஒன்று சொல்லுங்கள் என்று தனிஸ்லாஸ் பேனாவைத் திறந்தார்.

இரண்டு பேரும் யோசித்தார்கள். பஸ் ஸ்டாண்டிலிருந்து இரண்டு பஸ் கிளம்பிப் போயிற்று.

பிறகு பெனடிக்ட் முட்டைக் கதையைத் தொடங்கினார். போர்டிங்கில் ஞாயிறு மதியம் ஆளுக்கு ஒரு முட்டை. சாப்பிடும் முன் எல்லோரும் கண்ணை மூடிக் கைகூப்பிச் செபம் சொல்ல வேண்டும். செபம் முடிந்து கண்ணைத் திறந்தால் வரிசையில் யாராவது இரண்டு பேர் தட்டில் முட்டை இருக்காது. காளையின் கன்னம் இரண்டும் உப்பியிருக்கும். அவன் எடுத்ததைப் பார்த்தவர்கள் உண்டு. ஆனால் வார்டன் சவரிநாதன் சாரிடம் போய்ச் சொன்னால், செபத்தின்போது நீ எதற்குடா கண்ணைத் திறந்தாய் என்று முதல் அடி சொன்னவனுக்குத்தான் விழும். வார்டனோ பக்திமான். கண்ணை இறுக்கி மூடிக்கொள்வார். அதனால் ஆறு வருஷத்தில் காளை மேல் ஒரு புகார்கூட ஏறவில்லை. பெனடிக்ட் இன்றைக்கும் சாப்பாட்டுச் செபத்தை ஒற்றைக் கண்ணைத் திறந்துகொண்டுதான் சொல்லுவார். அவருடைய கல்யாணப் போட்டோவில் பாதிரியார் ஆசீர்வதிக்கும் இடத்திலும் ஒரு கண் திறந்துதான் இருக்கிறது.

மலைச்சாமி மணிக் கதையை எடுத்தார். ஒரு வருஷம் காளைக்கு மணியடிக்கும் பொறுப்புக் கொடுத்தார்கள். நாலரைக்கு அடிக்க வேண்டிய மணியை அவன் வாரத்தில் ஒரு நாள் மூன்றே முக்காலுக்கு அடித்துவிடுவான். பள்ளிக்கூடமே கிளம்பி மைதானத்துக்குப் போய்விடும். சவரிநாதன் சார் தன் கைக்கடிகாரத்தைக் காதில் வைத்துப் பார்ப்பார். அந்த ஒரு வருஷத்தில் அவர் அந்தக் கடிகாரத்தை மூன்று தடவை ரிப்பேருக்குக் கொடுத்தார். மூன்றாவது தடவை கடிகாரக் கடைக்காரரோடு சண்டையே வந்துவிட்டது.

சிரித்துச் சிரித்து மலைச்சாமிக்கு வடை புரை ஏறியது. தனிஸ்லாஸ் முதுகில் தட்டிவிட்டார். அவருடைய நோட்டில் ஒரு வரிகூட ஏறவில்லை. இதற்கெல்லாம் ஏன் அலைகிறாய், அதுதான் ரெடிமேட் சட்டை மாதிரி ஒரு குறிப்பு வைத்திருக்கிறாயே, அதையே இவனுக்கும் மாட்டிவிடு என்றார் பெனடிக்ட். வேறு வழியும் தெரியவில்லை. தனிஸ்லாஸ் வீட்டுக்கு வந்து பெயரையும் தேதியையும் மாற்றினார்.

நவம்பர் இரண்டாம் சனிக்கிழமை சாப்பாட்டு ஹாலில் அறுபது பேர் கூடினார்கள். அந்த வருஷம் இறந்தவர்கள் மூன்று பேர். ஒருவர் கோயம்புத்தூரில் இன்ஜினியராக இருந்தவர். அவர் வீட்டிலிருந்து யாரும் வரவில்லை. அடுத்தவர் ஞானப்பிரகாசம், கோயிலில் பாதிரியாருக்கு உதவியாக உபதேசியார் வேலை பார்த்தவர். கல்யாணம் செய்துகொள்ளாதவர். அவருடைய தங்கச்சி ஐரின் வந்து முன் வரிசையில் கைக்குட்டையோடு உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பக்கத்தில் காளையின் மனைவி முத்துத்தாயும் மகள் தாமரைச்செல்வியும். முத்துத்தாய் வந்தவர்களுக்கெல்லாம் கொடுக்க ஒரு கூடை கொழுந்து வெற்றிலை கொண்டுவந்திருந்தாள். கணவரோடு படித்தவர்கள் என்று ஒவ்வொருவரையும் கும்பிட்டாள். பெனடிக்ட் அந்தக் கும்பிடை வாங்கிக்கொண்டு நேராக மூன்றாவது வரிசைக்குப் போய்த் தலையைக் குனிந்து உட்கார்ந்துவிட்டார்.

இன்ஜினியர் நல்லபடியாக முடிந்தார். ஞானப்பிரகாசமும் முடிந்தார். ஐரின் சரியான இடத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தனிஸ்லாஸ் மூன்றாவது தாளை எடுத்தார்.

"அன்னார் காளை அவர்கள் சாந்த குணமும் ஈகை மனமும் கொண்டவர்."

மூன்றாவது வரிசையில் யாரோ இருமினார்கள்.

"வார்டன் சொல்லைத் தட்டாதவர்."

மலைச்சாமி துண்டை எடுத்து வாயில் வைத்துக்கொண்டார். தனிஸ்லாஸ் நிமிரவில்லை. அடுத்த வரி என்ன என்று அவருக்குத் தெரியும். தாண்டிப் போய்விடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. ஆனால் முப்பத்தைந்து வருஷம் டிராஃப்டில் இருந்ததை இருந்தபடியே வாசித்த மனிதர் அவர்.

"பிறர் பொருளுக்கு ஆசைப்படாதவர்."

பெனடிக்ட்டின் மூக்கு வழியாகச் சைக்கிள் டியூப் பஞ்சரானது போல் ஒரு சத்தம் வந்தது. அடக்கப் பார்த்தார். நாற்காலி ஆடியது. பக்கத்து ஆளுக்கு அது தொற்றியது. பின்னால் ஒருவர் 'முட்டை' என்று மெல்ல முணுமுணுத்தார். அவ்வளவுதான். அறுபது கிழவர்கள் உட்கார்ந்திருந்த ஹால் மொத்தமும் சரிந்தது. மலைச்சாமி துண்டுக்குள் அழுதார். ஒருவருடைய பல்செட் கையோடு வந்துவிட்டது. தனிஸ்லாஸ் தாளைப் பிடித்தபடி வியர்த்து நின்றார்.

மெல்ல மெல்லச் சத்தம் அடங்கியது. ஏனென்றால் முத்துத்தாய் எழுந்து நின்றுவிட்டாள்.

"எதுக்குண்ணே எல்லாரும் சிரிச்சாக?"

கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. தனிஸ்லாஸ் பெனடிக்ட்டைப் பார்த்தார். பெனடிக்ட் சீலிங் ஃபேனைப் பார்த்தார். பொய் சொல்லலாம் என்றால் கையிலிருந்த தாளைத் தவிர வேறு பொய் எதுவும் தனிஸ்லாஸுக்கு வரவில்லை. தாளை மடித்துப் பையில் வைத்தார்.

"தங்கச்சி, மன்னிச்சுக்க. இதுல எழுதியிருக்கது ஒண்ணும் காளை இல்ல. ஒன் வீட்டுக்காரன் என்னோட அதிரசத்தத் தின்னவன்."

தவக்காலம், விரதம், டப்பா என்று வரிசையாகச் சொன்னார். தினமும் டப்பாவைத் தூக்கிக் கனம் பார்த்ததைச் சொல்லும்போது, எப்படித் தூக்கினேன் என்று காட்டுவதற்காக மேஜை மேலிருந்த தண்ணீர் ஜாடியை எடுத்து, கண்ணை மூடி, எடை பார்த்து, சிலுவை போட்டுக்கொண்டார். ஹால் மறுபடியும் சிரித்தது. தான் பேசி நாலு பேர் சிரிப்பது தனிஸ்லாஸின் வாழ்நாளில் அதுவே முதல் தடவை. அவருக்கு அது பிடித்திருந்தது. செங்கல்லுக்கு வந்தபோது ஒவ்வொரு துண்டாகப் பிரித்துக் காட்டினார். கையெழுத்தைச் சொல்லும்போது காற்றில் போட்டே காட்டினார்.

முத்துத்தாயின் முகம் அசையவில்லை.

"எத்தன அதிரசம்?" என்றாள்.

"இருபத்தி நாலு."

"அம்புட்டையும் ஒத்த ஆளாவா தின்னாரு?"

தெரியவில்லை என்றார் தனிஸ்லாஸ். ஐம்பத்து நாலு வருஷத்தில் அந்தக் கேள்வி அவருக்குத் தோன்றியதே இல்லை. ஒற்றை ஆள் இல்லை, எனக்கு மூன்று கொடுத்தான் என்று பின் வரிசையிலிருந்து ஒருவர் கையைத் தூக்கினார். எனக்கு இரண்டு என்றார் இன்னொருவர். மூன்றாவது வரிசையில் பெனடிக்ட் நாலு விரலைக் காட்டினார். ஈகை மனம் கொண்டவர் என்ற வரி அப்படி ஒன்றும் பொய்யில்லை என்று ஆகிவிட்டது.

அப்போது தாமரைச்செல்வி எழுந்தாள். அவள் முகம்தான் சிவந்திருந்தது. முட்டை என்று யாரோ சொன்னார்களே, அது என்ன என்று கேட்டாள். பெனடிக்ட் வேறு வழியில்லாமல் செபத்தையும் கண்ணையும் உப்பிய கன்னத்தையும் விளக்கினார்.

"அப்ப அந்த முட்டை திருடுன பய?"

"அவருதாம்மா."

அவள் உட்காரவில்லை. மூன்றாம் வகுப்புப் படிக்கும்போது கூடப் படித்த பிள்ளையின் அழிரப்பர் ஒன்று தெரியாமல் தன் பைக்குள் வந்துவிட்டதை எல்லோருக்கும் சொன்னாள். அப்பா அதைப் பார்த்துவிட்டு, இப்போதே கொடுத்துவிட்டு வா என்று சோழவந்தானிலிருந்து ஆற்றுப் பாலத்தைத் தாண்டித் தென்கரை வரைக்கும் பங்குனி வெயிலில் நடத்திக் கூட்டிப் போனார். பின்னாலேயே சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார். ஏற்றிக்கொள்ளவில்லை.

"ஒரு அழிரப்பர் சார். ஆளு இம்புட்டு முட்டையத் தின்னுட்டு என்னைய அந்த வெயில்ல நடக்கவிட்டிருக்காரு."

யாரும் சிரிக்கவில்லை. அவள் நியாயம் கேட்கிற மாதிரி ஒவ்வொருவராகப் பார்த்தாள். அந்த நேரத்தில்தான் முத்துத்தாய்க்குச் சிரிப்பு வந்தது. முதலில் தோள் குலுங்கியது. சேலைத் தலைப்பை வாயில் வைத்தாள். பிறகு அடக்க முடியாமல் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். காளை வீட்டில் முட்டையே தின்றதில்லை என்று சிரிப்புக்கு நடுவே திக்கித் திக்கிச் சொன்னாள். கேட்டால் வாயு என்பாராம். நாற்பது வருஷமாக அவருக்காகத் தனியாகக் குழம்பு வைத்தாளாம்.

"ஆயுசுக்குத் தேவையானத எங்ககிட்டயே தின்னுட்டு வந்துட்டான்ம்மா" என்றார் பெனடிக்ட்.

தாமரைச்செல்வியும் சிரித்துவிட்டாள். சிரித்துக்கொண்டே அழுதாள். அப்பா செத்ததிலிருந்து அவள் அழவில்லை என்று முத்துத்தாய் பக்கத்திலிருந்த ஐரினிடம் சொன்னாள்.

அதற்குப் பிறகு கூட்டம் யார் சொல்லுக்கும் கட்டுப்படவில்லை. மணிக் கதை வந்தது. பந்துக் கதை வந்தது. மத்தியானம் ஒன்றேகால் ஆகியும் யாரும் பிரியாணிப் பக்கம் திரும்பவில்லை. இந்தச் சங்கத்தின் சரித்திரத்தில் அப்படி நடந்ததே கிடையாது. எல்லோரும் சிரித்து ஓய்ந்தபோது முன் வரிசையில் ஒரே ஒரு முகம் வாடிப்போயிருந்தது. ஐரின்.

"எங்கண்ணன் ஒண்ணுமே திருடலையா?" என்று கேட்டார்.

ஹாலில் இருந்தவர்களுக்குச் சங்கடமாகிவிட்டது. ஞானப்பிரகாசம் ஒரு தீக்குச்சியைக்கூட எடுத்ததில்லை. திருட்டை விடுங்கள், அவர் பேசிக் கேட்டவர்களே குறைவு. ஆறு வருஷம் பக்கத்துப் பாயில் படுத்திருந்த ஒருவருக்கு அவர் இடது கைக்காரரா வலது கைக்காரரா என்றே நினைவில்லை. அண்ணன் நல்லவர் அம்மா, அதற்கு என்ன செய்வது என்று ஆறுதல் சொன்னார்கள். ஐரினுக்கு அது போதவில்லை. பக்கத்தில் ஒருத்தி கூடை நிறையக் கதை வாங்கிக்கொண்டிருக்கும்போது தான் மட்டும் வெறுங்கையோடு வீட்டுக்குப் போவதா என்ற மாதிரி உட்கார்ந்திருந்தார். தன் அண்ணனுக்குச் சங்கம் ஓரவஞ்சனை செய்கிறது என்றுகூடச் சொல்லிவிட்டார்.

தனிஸ்லாஸ் நெற்றியைத் தேய்த்துக்கொண்டே யோசித்தார். திடீரென்று மலைச்சாமி நாற்காலியை விட்டு எழுந்தார்.

"கோழி" என்றார்.

பெனடிக்ட் தலையில் கை வைத்துக்கொண்டார். அவருக்கும் நினைவு வந்துவிட்டது.

ஒன்பதாம் வகுப்பில் பாஸ்கா நாடகம் போட்டார்கள். ஆண்டவரின் பாடுகளைச் சொல்லும் நாடகம். சுற்றுப்பட்டு ஊர் ஜனமெல்லாம் பார்க்க வந்திருந்தது. ஆண்டவரின் சீடர் பேதுருவாக நடித்தது பெனடிக்ட். ஒரு பணிப்பெண் கேட்கக் கேட்க, அந்த மனிதரை எனக்குத் தெரியாது என்று பேதுரு மூன்று தடவை மறுதலித்ததும் சேவல் கூவ வேண்டும். அந்தச் சேவல், திரைக்குப் பின்னால் ஞானப்பிரகாசம். சத்தம் போடாத பையனுக்கு ஒரே ஒரு சத்தம் போடும் வேஷம். மூன்று வாரம் தோட்டத்தில் போய்க் கூவிப் பழகியிருந்தான்.

பெனடிக்ட் மூன்று தடவை மறுதலித்தான். சேவல் கூவவில்லை. திரைக்குப் பின்னால் வைக்கோல் மேல் சேவல் தூங்கிவிட்டது. என்ன செய்வதென்று தெரியாமல் பெனடிக்ட் நாலாவது தடவை மறுதலித்தான். கேள்வி கேட்ட பணிப்பெண்ணாக நின்றவன் பயந்துபோய் மறுபடியும் கேட்டான். ஐந்தாவது தடவை. சவரிநாதன் சார் ஓரத்தில் நின்று கையைப் பிசைந்தார். ஆறாவது தடவை பெனடிக்ட் அழுகிற குரலில் கத்தினான். முன்னால் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர், அட விடப்பா, அவனுக்குத் தெரியாதாம் என்று பணிப்பெண்ணை அதட்டினார். ஏழாவது தடவை மறுதலித்து முடித்தபோது, கூட்டத்தின் கடைசியிலிருந்து கணீரென்று ஒரு சேவல் கூவியது. நிஜச் சேவல் மாதிரி. பேதுரு மனங்கசந்து அழுதார். நிஜமாகவே அழுதார். திரை விழுந்தது.

"கூவுனது யாரு?" என்று ஐரின் கேட்டார்.

மலைச்சாமி முத்துத்தாய் பக்கம் கையைக் காட்டினார். காளைக்கு அந்த நாடகத்தில் வேஷமே கிடையாது. கோழிக்கூட்டுப் பக்கம் முட்டைக்காகப் போய்ப் போய்ச் சேவலின் குரல் அவனுக்குக் கைவந்திருந்தது. அன்று அவன் கூவியிருக்காவிட்டால் பெனடிக்ட் இன்னும் மேடையில் மறுதலித்துக்கொண்டு நின்றிருப்பார்.

ஐரின் அந்தக் கைக்குட்டையை முழுதாக முகத்தில் மூடிக்கொண்டு சிரித்தார். அண்ணன் கோயிலிலும் தூங்குவார் என்றும், பிரசங்கத்தின்போது தான்தான் பக்கத்தில் இருந்து கிள்ளிவிடுவேன் என்றும் இப்போது தைரியமாகச் சொன்னார். முத்துத்தாய் கூடையிலிருந்து நல்ல கொழுந்தாக ஒரு கட்டு எடுத்து அவர் மடியில் வைத்தாள். தனிஸ்லாஸ் பையிலிருந்து தாளை எடுத்து, காளையின் பக்கத்தில் எல்லா வரியையும் அடித்துவிட்டு ஒரே வரி எழுதினார்: 'ஆபத்து வேளையில் கூவி உதவியவர்.'

சாப்பிட்டு முடித்ததும் தாமரைச்செல்வி தன் அப்பா எந்தச் சுவர் ஏறிக் கோழிக்கூட்டுக்குப் போவார் என்று பார்க்க ஆசைப்பட்டாள். எல்லோரும் கிளம்பிப் பின்பக்கம் போனார்கள். அந்தச் சுவர் இன்னும் இருந்தது. ஆறடி உயரம் இருக்கும். வாயால் சொன்னால் புரியாது என்று சொல்லி மலைச்சாமி வேட்டியை மடித்துக் கட்டினார். வேண்டாம் என்று தனிஸ்லாஸ் தடுத்தார். ஓடுகிற பஸ்ஸில் ஏறி இறங்கிய கால் இது என்று மலைச்சாமி அவரை விலக்கிவிட்டு, பக்கத்தில் கிடந்த தொட்டி மேல் கால் வைத்து, முக்கி முனகி மேலே ஏறிவிட்டார். அறுபது பேரும் கை தட்டினார்கள். மலைச்சாமி சுவர் மேல் குதிரையில் உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்து கும்பிட்டார்.

பிறகுதான் அவருக்கு இறங்க வரவில்லை என்று தெரிந்தது. இந்தப் பக்கம் காலைத் தொங்கவிட்டால் தொட்டி எட்டவில்லை. அந்தப் பக்கம் சாக்கடை. வாட்ச்மேன் சின்னானை ஏணிக்கு அனுப்பினார்கள். ஏணி கோயில் கோபுரத்தில் பல்பு மாற்றப் போயிருந்தது. அதை அவிழ்த்து எடுத்து வர அரை மணி நேரமாகும் என்றான் சின்னான்.

"அவசரப்படாதீகண்ணே" என்று முத்துத்தாய் கீழே இருந்து சொன்னாள். "ஏணி வார வரைக்கும் அங்கனயே இருந்து அவரு கத இன்னொண்ணு சொல்லுங்க."

மலைச்சாமி சுவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சொல்ல ஆரம்பித்தார். ஐரினுக்கு ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டார்கள். வெற்றிலைக் கூடை கைமாறிக் கைமாறிச் சுற்றி வந்தது. தனிஸ்லாஸ் கொஞ்சம் தள்ளி வேப்பமர நிழலில் உட்கார்ந்து, சங்கத்தின் மினிட் புத்தகத்தை முழங்காலில் வைத்து அன்றைய நடவடிக்கையை எழுதினார். நீத்தார் நினைவுக் கூட்டம் இனிதே நடைபெற்றது, உறுப்பினர் ஒருவர் தற்சமயம் சுவர் மேல் இருக்கிறார் என்று எழுதி, நேரத்தையும் குறித்துவிட்டு, கதை கேட்கப் போனார்.